கலந்த குப்பையைப் பிரிக்கும் ஆலை: இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

பல ஊர்களின் வீட்டுக் குப்பையை ஒரே இடத்தில் சேர்த்து, அதிலிருந்து விற்கக்கூடியதை மீட்டெடுக்கும் ஆலை ஒன்று கட்டலாம் என்று பேச்சு தொடங்கினால், எந்த இயந்திரம் வாங்குவது என்பதில்தான் விவாதம் சூடுபிடிக்கும். ஆனால் முதல் வேலை குப்பையைக் கொட்டிக் கிளறி எடை போடுவது. லாரி கொட்டிய குவியலிலிருந்து சுமார் 100 கிலோ மாதிரி எடுத்து, மேசையில் பரப்பி, உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி என்று கையால் பிரித்து நிறுப்பார்கள். வெவ்வேறு பகுதிகளில், வெவ்வேறு பருவங்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மழைக்காலக் குப்பை வேறு, கோடைக் குப்பை வேறு.

இதிலும் ஏமாற இடமுண்டு. லாரிக்குள் குப்பை அழுத்தப்படும்போது உணவுக் கழிவின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது. நிறுக்கும்போது அந்தத் தண்ணீரும் காகிதக் கணக்கில் சேர்ந்துவிடும். ஈரத்தைக் கழிக்காமல், ‘இவ்வளவு காகிதம் கிடைக்கும்’ என்று திட்டம் போட்டால், விற்கப் போகிற அன்று பாதியைக் காணோம் என்று தேட வேண்டியதுதான்.

அடுத்தது வேகக் கணக்கு. ஒரு நாளைக்கு 300 டன் வருகிறது, இரண்டு ஷிஃப்டாக 16 மணி நேரம் ஓட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 19 டன் போதும் போலத் தெரியும். ஆனால் துணியும் கயிறும் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும், கன்வேயர் நிற்கும், ஆட்கள் உள்ளே இறங்கி வெட்டி எடுப்பார்கள். ஓட வேண்டிய நேரத்தில் 85 சதவீதம்தான் ஓடும் என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 22 டன் தேவை. விடுமுறைக்கு அடுத்த நாள் குவிவதற்கு இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பைகளைக் கிழித்ததும் குப்பை சற்றே சாய்வாகச் சுழலும் ஒரு பெரிய சல்லடை உருளைக்குள் போகும். உணவுக் கழிவு, மண், உடைந்த கண்ணாடி போன்ற சிறியவை ஓட்டைகள் வழியே கீழே விழும். மேலே தங்குவதில் தட்டையான காகிதத்தையும் பாலித்தீனையும் ஒருபுறமும், உருளும் பாட்டில், டப்பாக்களை மறுபுறமும் அதிரும் சாய்தளம் பிரித்துவிடும். இரும்பைக் காந்தம் தூக்கிக்கொள்ளும்.

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதற்கான ஏற்பாடு இந்த ஆலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கன்வேயரின் கடைசி உருளைக்குள், வடக்கும் தெற்கும் மாறி மாறிப் பதித்த காந்தங்கள் வேகமாகச் சுழல்கின்றன. மேலே வரும் அலுமினிய டப்பா கணந்தோறும் மாறும் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்ள, அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குவதால், டப்பா எம்பித் தள்ளிப் போய் விழுகிறது. பிளாஸ்டிக் அப்படியே கீழே விழும். தாமிரம் அலுமினியத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கனம். அதனால் அவ்வளவு தூரம் பறக்காது. அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும் என்பதால், இதை ஒரு டப்பாகூட விடாமல் பிடிக்கப் பார்ப்பார்கள்.

பிளாஸ்டிக்கை வகை பிரிப்பது அகச்சிவப்பு ஒளி. ஒவ்வொரு வகையும் வெவ்வேறு அலைநீளங்களை விழுங்கும். திரும்பி வரும் ஒளியை வைத்து அடையாளம் கண்டு, காற்றை ‘புஸ்’ என்று பீய்ச்சி வேண்டியதைத் தட்டிவிடுகிறது இயந்திரம். கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்த ஒளி முழுவதையும் விழுங்கிவிடுவதால் அதன் கண்ணுக்குத் தெரியாது.

விளம்பரத் தாள்களில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 90 சதவீதம், 95 சதவீதம் என்று போட்டிருக்கும். திட்டமிடுபவர் பார்க்க வேண்டியது அவற்றின் பெருக்குத்தொகையை. நூறு பாட்டில்களில் பை கிழிப்பானிலிருந்து 95 வெளியே வந்து, சாய்தளம் அதில் 90 சதவீதத்தைச் சரியான பக்கம் அனுப்பி, ஒளிக்கருவி அதிலும் 90 சதவீதத்தைப் பிடித்தால், கையில் மிஞ்சுவது 77. தப்பிப்போன மீதியையும் விடக்கூடாது என்று ஒளிக்கருவியின் கெடுபிடியைத் தளர்த்தினால் பாட்டிலோடு குப்பையும் சேர்ந்து வரும். தூய்மை குறைந்தால் வாங்குபவர் திருப்பி அனுப்புவார். 2018-ல் சீனா, இறக்குமதியாகும் பழைய காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் அந்நியப் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சொன்னதும் உலகச் சந்தையே ஆட்டம் கண்டது. உணவோடு ஊறிய காகிதம் அந்த அளவை எட்டவே முடியாது. என்னைக் கேட்டால், கலந்த குப்பை ஆலையின் வரவுக் கணக்கில் உலோகத்தையும் கெட்டியான பிளாஸ்டிக்கையும் மட்டும் நம்பலாம். காகிதம் கிடைத்தால் லாபம்.

சல்லடைக்குக் கீழே விழுந்த ஈரக் கழிவை உரமாக்கலாம் என்பார்கள். கண்ணாடித் தூளும் கன உலோகமும் கலந்த உரத்தை எந்த வயல் ஏற்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 முதல், தனியாகச் சேகரிக்காத உயிர்க்கழிவு (உணவு, தோட்டக் கழிவு) மறுசுழற்சிக் கணக்கிலேயே சேராது. ஆக, இந்த ஈரக் கழிவை மட்கவைத்து, எடையையும் நாற்றத்தையும் குறைத்த பிறகு புதைப்பதற்கான இடத்தையும் திட்டத்திலேயே காட்டியாக வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். பெரிய ஆலையில் டன்னுக்கு ஆகும் செலவு குறையும் என்பதால்தான் பல ஊர்கள் கூடுகின்றன. ‘இத்தனை டன் கட்டாயம் தருவோம், தராவிட்டாலும் பணம் கட்டுவோம்’ என்று இருபது வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வீடுகள் குப்பையைப் பிரித்துத் தரத் தொடங்கும்போது ஆலை காலியாகக் கிடக்கும், கட்டணம் மட்டும் ஓடும். அதனால் உத்தரவாத அளவைக் குறைவாக வைத்து, தனித்தனியாக வரும் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் அதே கன்வேயரில் இன்னொரு ஷிஃப்டில் ஓட்ட முடியும்படி முன்பே வடிவமைத்துக்கொள்வது நல்லது.