நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் 4கே படம் ஓடிவிடுமா?

இந்தக் கேள்வி இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓர் அங்கிள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். தீபாவளிக்குப் பிள்ளைகள் 4கே டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மருமகன், ஆபிஸில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து டிவியோடு சேர்த்திருக்கிறார். படம் திக்கித் திக்கி ஓடவே, அங்கிள் ஆன்லைனில் விசாரித்து, "4 ஜிபி, 4கே சப்போர்ட்" என்ற பேச்சை நம்பி இருநூற்றைம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஜிடி 730 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டார். திக்கல் அப்படியே இருந்தது.

"கார்டு பழுதா தம்பி?" என்றார்.

கார்டு நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். பழுதான கார்டென்றால் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடலாம்.

அவர் பென்டிரைவில் இருந்த எச்.265 முறையில் சுருக்கிய படத்தையே ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். கம்ப்யூட்டரின் மூளையான சிபியு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கார்டின் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' (சுருக்கிய படத்தை விரிக்கும் வேலை) என்ற கட்டம் தரையோடு தரையாக, பூஜ்யத்தில் கிடந்தது. படத்தை விரிக்க வேண்டிய கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பத்து வருடப் பழைய சிபியு மூச்சு வாங்கியது. ஃபேன் சத்தத்தில் வசனமே காதில் விழவில்லை.

ஜிடி 730 வந்தது 2014-இல். அங்கிள் வாங்கிய கார்டின் உள்ளே இருக்கும் கெப்ளர் வடிவமைப்பு 2012-ஐச் சேர்ந்தது. எச்.265 படத்தை விரிக்கும் பகுதி அதில் கிடையவே கிடையாது. யூடியூப் 4கே-க்குப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்க முறைக்கும் அப்படித்தான். ஜிடி 710-க்கும் இதே கதை. பெட்டியில் 4கே என்று போட்டிருப்பது பொய்யும் இல்லை. எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய டிவி இணைப்பு வழியாக 4கே படத்தை முழு வண்ணத்தோடு நொடிக்கு 30 தடவை அனுப்பும். மௌஸை நகர்த்தினாலே இழுத்து இழுத்து வருவது தெரியும்.

இப்போது அந்த ஜிபி விஷயத்துக்கு வருகிறேன். வாரம் தவறாமல் இதைச் சொல்கிறேன், இன்னும் யார் காதிலும் ஏறவில்லை. கார்டில் இருக்கும் மெமரி ஒரு மேசை மாதிரி. வேலை நடக்கும்போது சாமான் பரப்பி வைக்கும் இடம், அவ்வளவுதான். எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் பெரிய மேசை வாங்கிப் போட்டால் படித்துவிடுமா? கணக்காகவே பாருங்கள். 4கே படத்தின் ஒரு ஃபிரேமில் (ஓடும் படத்தின் ஒரு தனிக் காட்சி) 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தாலும் 33 எம்பி. இருபது, முப்பது ஃபிரேம்களை வரிசையில் அடுக்கி வைத்தாலும் ஒரு ஜிபியைத் தொடும், அதோடு சரி. மீதி மூன்று ஜிபிக்குப் படம் பார்க்கும் வீட்டில் என்ன வேலை? விளையாட்டுக்கு வேண்டுமானால் மெமரி பேசும். அதுவும் ஜிடி 730-இல் பேசாது.

2017-இல் வந்த ஜிடி 1030-இல் 2 ஜிபிதான். ஆனால் எச்.265 10-பிட் (நிற நுணுக்கம் கூடிய வகை), விபி9 இரண்டையும் தானே விரிக்கும். எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே நொடிக்கு 60 தடவை போகும். 30 வாட் மின்சாரம் போதும், பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டாம். ஒல்லியான ஆபிஸ் பெட்டிக்குள் நுழையும் குட்டைக் கார்டாகவும் கிடைக்கும். வாங்கும்போது ஒன்று பாருங்கள். இதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டும் விற்கிறது. ஜிடிடிஆர்5 கார்டில் நொடிக்கு 48 ஜிபி நகரும், டிடிஆர்4-இல் 16.8 ஜிபிதான். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

ஏவி1 என்ற இன்னொரு சுருக்க முறையில் வரும் படமும் ஓட வேண்டும் என்றால் ஜிடி 1030 ஆகாது, ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-உம் ஆகாது. இன்டெல் ஆர்க் ஏ310 விரிக்கும். ஆனால் பழைய மதர்போர்டில் ஒத்துவருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா? கார்டே வேண்டாம். சிபியுவோடு வரும் கிராபிக்ஸே எச்.265 10-பிட் வரை விரித்துவிடும். (பெயர் 'எஃப்' எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது.) போர்டில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 என்றால் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் 'ஆக்டிவ்' அடாப்டர் ஒன்று போதும். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களிடம் நான் கார்டு விற்றுக் காசு பார்த்திருக்கலாம்.

காசு கட்டிப் பார்க்கும் சேவைகளுக்காகக் கார்டு தேடி அலையாதீர்கள். கம்ப்யூட்டரில் 4கே தர அவை போடும் நிபந்தனைகள் தனி. டிவியிலேயே இருக்கும் ஆப்பில் பாருங்கள்.

அப்புறம், ஃபேன் இல்லாத கார்டை வாங்கிக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது உள்ளேயே வெந்துவிடும். பின்பலகையில் கையகலம் ஓட்டை போடுங்கள், அல்லது கதவைக் கழற்றி வையுங்கள். எச்டிஎம்ஐ வயரைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு யூஎச்டி கலர் போன்ற அமைப்பு அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். மலிவாகக் கிடைத்த பழைய கார்டு என்றால் காசு கொடுக்கும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் புதுப்பெயர் எழுதி விற்கும் கார்டுகள் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிவிடும்.

அங்கிளுக்கு ஒரு ஜிடி 1030 போட்டுக் கொடுத்தேன். "ரெண்டு ஜிபியா? குறைஞ்சு போச்சே" என்று கவலைப்பட்டார். அதே படத்தை ஓடவிட்டேன். டீகோட் கட்டத்தில் கோடு மேலே எழுந்தது, சிபியு கீழே இறங்கியது, ஃபேன் அடங்கியது. நடிகர் பேசுவது கேட்டது. அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பழைய கார்டைப் போட்ட காசுக்கே விற்கப்போவதாகச் சொன்னார். விற்றால் '4கே படத்துக்கு ஆகாது' என்று எழுதி விற்கும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாள் விளம்பரத்தைப் போனில் அனுப்பியிருந்தார். முதல் வரியே அதுதான், விலையும் எண்பது வெள்ளி.