கடைமடைக்குப் போகாத மின்சாரம்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டிக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. என் கார் 20 வயதைத் தாண்டியது. ஹெட்லைட் எரிந்தது என்று பேர்தான். எண்ணெய் வற்றிய அகல்விளக்கு மாதிரி மஞ்சளாகத் தேய்ந்திருந்தது. நடுச்சாலையில் படுத்திருந்த மாடு மிகவும் நெருங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. அன்று பிரேக் பிடித்த கால் வீட்டுக்கு வந்தும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் இரண்டு பல்பையும் மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. அடுத்த வாரம் பேட்டரியை மாற்றினேன். அதுவும் வீண் செலவு. ஒரு ஒயரிங் பட்டறையில், "ரிலேயா இருக்குமோ அண்ணே?" என்று கேட்டேன். அவர் சுவிட்சைப் போடச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டிக்குன்னு அடிக்குது பாருங்க தம்பி, ரிலே நல்லாத்தான் இருக்கு" என்றார். நானும் நம்பினேன். அந்த 'டிக்' எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பேட்டரிப் பணம் மிஞ்சியிருக்கும்.

ரிலே ஒரு மதகு. ஷட்டரைத் தூக்க ஓர் ஆள் திருகைச் சுற்றினால் போதும். அதன் வழியே போவதோ ஒரு வாய்க்கால் தண்ணீர். காரிலும் அப்படித்தான். 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அத்தனையையும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் சூடாகிக் கருகும். பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கென்று கூடுதல் விளக்கு மாட்டி, சுவிட்சைக் கருக விட்டு, அப்புறம் ரிலே போட்டுக்கொண்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியாகப் போவது 0.15 ஆம்பியர் அளவுதான், அறுபதில் ஒரு பங்கு. அந்தச் சின்ன மின்சாரம் ஷட்டரைத் தூக்குகிறது. பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக விளக்குக்குப் போகிறது.

பக்கத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும் அந்தக் கறுப்பு ரிலே பெட்டியின் மூடியை நெம்பிக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே தெரியும். நடுவில் ஓர் இரும்புத் தண்டு. அதைச் சுற்றி, தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, இதுதான் காயில். தண்டின் தலைக்கு மேலே, ஒரு சின்ன ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு. தகட்டின் நுனியில் மிளகைவிடச் சிறிய வெள்ளிக் கலவைப் பொட்டு. எதிரே அசையாமல் இன்னொரு பொட்டு. பட்டறையில் இந்தப் பொட்டுகளைப் 'பாயிண்ட்' என்பார்கள். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் தண்டு காந்தமாகித் தகட்டை இழுக்கிறது, இரண்டு பாயிண்டும் சேர்கின்றன. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் தகட்டைப் பிரிக்கிறது.

1830-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி செய்து காட்டிய யோசனை இது. தந்தி வந்தபோது இது இல்லாமல் முடியவில்லை. கம்பி நீள நீள மின்சாரம் நலிந்துபோனது. நலிந்து வந்த மின்சாரம் ஒரு காந்தத்தை மட்டும் தூண்டினால் போதும், அந்தக் காந்தம் புதிய பேட்டரி ஒன்றின் வாசலைத் திறந்துவிடும். களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக்குதிரை பூட்டும் பழைய அஞ்சல் வழக்கத்துக்கு இருந்த 'ரிலே' என்ற பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. நம் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்று ஒட்டுகிறதே, அதுவும் இதே குடும்பம்தான், உருவத்தில் பெரியது.

சரி, 'டிக்'குக்கு வருவோம். அது இரும்புத் தகடு தண்டின் தலையில் மோதும் சத்தம். காயில் வேலை செய்கிறது, சுவிட்ச் வேலை செய்கிறது, தகடு அசைகிறது என்பதுவரை அந்தச் சத்தத்தை நம்பலாம். பாயிண்ட் வழியாக மின்சாரம் தாராளமாகப் போகிறதா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. மேட்டூரில் திறந்தாயிற்று என்று சேதி வந்த அன்றே தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி நாற்றங்காலில் இறங்குவதில்லை. தண்ணீர் தன் வாய்க்காலுக்கு வந்து, கணுக்காலில் பட்டால்தான் இறங்குவார். ஹெட்லைட் பல்பும் ஒரு கடைமடை. அங்கே எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

நல்ல ரிலேயில் பாயிண்டுகள் ஏன் கெடுகின்றன? ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைப் பிரிக்கும்போது, பாயிண்டுகள் கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊசிமுனை அளவு இடத்தில் எல்லா மின்சாரமும் நெருக்கியடித்துப் போகும். அந்த இடம் உருகி, கொதித்து, ஒரு நொடிப்பொறி விழுகிறது. வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்து போவதால் அங்கே பொறி தானாக அணைந்துவிடும். காரில் ஓடுவது ஒரே பக்கமாகப் போகும் நேர்திசை மின்சாரம், அதற்கு அந்த மூச்சுவாங்கும் இடைவெளி கிடையாது. மோட்டார், ஹாரன் மாதிரி காயில் உள்ள சாமான்களோ பொறியை இன்னும் இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு பொறியிலும் ஒரு பாயிண்டிலிருந்து துளி உலோகம் பெயர்ந்து எதிர்ப் பாயிண்டில் ஒட்டுகிறது. என் ரிலேயைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் அந்தக் குழியில் பொருந்தும் சின்னக் குன்று, சுற்றிலும் கரி.

டெல்டாவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடற்கரை ஓரத்து உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் பித்தளை, செம்பு எதையும் விடாது. சாக்கெட்டில் செருகும் ரிலேயின் கால்களில் பூசிய வெள்ளீயம் தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். வெள்ளிக் கொலுசு கறுப்பது போல பாயிண்டின் மேலும் கறுப்புப் படியும். களிம்பு என்றதும் புளி போட்டுத் தேய்க்கும் எண்ணம் வரலாம். ரிலேயில் வேண்டாம், மிஞ்சும் புளிப்பும் ஈரமும் சேர்ந்து அடுத்த மழைக்குள் காலையே அரித்துவிடும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் அப்படித்தான். நாலு நாள் நன்றாக எரியும். ஆனால் மேலே இருக்கும் வெள்ளிக் கலவை அடுக்கு மெல்லியது. அது போனபின் கீழே இருக்கும் உலோகம் இன்னும் வேகமாகக் கருகும்.

இனி சோதிக்கும் வழி. பெரும்பாலான ரிலேக்களின் காலருகே எண் பொறித்திருக்கும். ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த எண்கள் இவை. 85, 86 இரண்டும் காயில். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் தலைவாய்க்கால். 87 விளக்குக்குப் போகும் கிளை. சிலவற்றில் 87ஏ என்று ஐந்தாவது கால் நடுவில் இருக்கும், ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருப்பது அது. சில ஜப்பானிய ரிலேக்களில் எண்கள் வேறு. மூடியின் மேலே இருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பியூஸ் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் போட்டும் 'டிக்' வரவில்லை என்றால், சாக்கெட்டில் 85-க்கும் 86-க்கும் நடுவே, வோல்ட்டும் மின்தடையும் பார்க்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டியும் ரிலே அசையவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. கழற்றி மின்தடையை ஓம் கணக்கில் பார்த்தால் நல்ல காயில் 70 முதல் 100 வரை காட்டும், அறுந்தது ஒன்றும் காட்டாது. அந்த இடத்தில் 12 வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலே மேல் தப்பில்லை. சுவிட்சையோ எர்த் ஒயரையோ தேடிப் போக வேண்டும். புது ரிலேயை வாங்கி மாட்டிவிட்டு, "இதுவும் டூப்ளிகேட் போல" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'டிக்' வருகிறது, வேலை நடக்கவில்லை அல்லது அரைகுறையாக நடக்கிறது என்றால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பலர் ரிலேயைக் கழற்றி, காயிலுக்குப் பேட்டரி கொடுத்து, 30-க்கும் 87-க்கும் நடுவே மீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கருகிய பாயிண்டும் பீப் போடும். மீட்டர் அனுப்புவது சில மில்லி ஆம்பியர். அந்தச் சொட்டுத் தண்ணீர் எந்த அடைப்பிலும் கசிந்து போய்விடும். அடைப்பு தெரிய வேண்டுமானால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓட வேண்டும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, ரிலே சாக்கெட்டிலேயே இருக்கும்போது மீட்டரின் ஒரு முள்ளை 30-இலும் மற்றதை 87-இலும் வையுங்கள். நல்ல ரிலேயில் வழியில் தொலைவது 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட். என் காரில் 1.1 காட்டியது.

ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். 1.1 வோல்ட்டை 9 ஆம்பியரால் பெருக்கினால் 10 வாட். ஓர் அங்குலப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி விளக்கைப் பூட்டி வைத்த சூடு அது. அந்தச் சூட்டில் பாயிண்ட் மேலும் கருகும், கருகினால் சூடு கூடும். பல்பின் கணக்கு இன்னும் மோசம். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைகிறது, டங்ஸ்டன் இழையின் வெப்பம் கொஞ்சம் தணிந்தாலே அது உமிழும் ஒளி வெகுவாகச் சரிந்துவிடுவதால். அன்று எனக்கு மாடு தெரியாமல் போன கதை இந்த ஒரு வோல்ட்டில்தான் இருந்தது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு: சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் பேன் சுற்றிக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி படுத்திருக்கும். பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினால் பிரிந்துவிடும், ஆனால் மறுபடி ஒட்டும். 'டகடகடக' என்று ரிலே அடித்துக்கொண்டால் முதலில் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். லோ வோல்டேஜில் பம்புசெட் ஸ்டார்ட்டர் அதிர்வதைப் போலத்தான். ரிலே ஒட்டியதும் சுமை ஏறி வோல்ட் விழுகிறது, தகடு பிரிகிறது, பிரிந்ததும் வோல்ட் ஏறி மறுபடி ஒட்டுகிறது.

சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி கிளம்பாமல் அடம்பிடித்து, சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பினால், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் ரிலேயை நான் சந்தேகப்படுவேன். சில ரிலேக்களுக்குள் சின்ன சர்க்யூட் பலகை இருக்கும். வருஷக்கணக்காகச் சூடேறி ஆறி, காலைச் சுற்றியுள்ள ஈயப்பற்றில் மோதிரம் போல ஒரு விரிசல் விழும். சூட்டில் அது வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். பட்டறைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும் என்பதால் கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமான கோளாறு இது.

மாற்றும்போது அவசரப்படக் கூடாது. பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். புது ரிலே 12 வோல்ட்தானா என்று பாருங்கள். லாரிக்கான 24 வோல்ட் ரிலே பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டில் ஒழுங்காக இழுக்காது. ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது. நடுக்கால் 87-ஆ 87ஏ-வா என்பது மிக முக்கியம். 87 இருக்க வேண்டிய இடத்தில் 87ஏ வந்தால், சுவிட்ச் அணைத்திருக்கும்போது அந்த ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

படத்தில் காயிலுக்குப் பக்கத்தில், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு வரைந்திருந்தால் அதே மாதிரிதான் வாங்க வேண்டும். ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்வது போல, காயிலின் மின்சாரம் அறுபடும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த்து எழும். எஞ்சின் கம்ப்யூட்டரை அதிலிருந்து காப்பது அந்த டையோடு. டையோடு ரிலேயின் காயில் பிளஸ் மைனஸ் மாறினால் ஷார்ட் ஆகிவிடும்.

சாக்கெட்டையும் பார்க்காமல் மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், உள்ளிருக்கும் டெர்மினல் சூட்டில் இளகி இறுக்கம் விட்டிருக்கும். அதில் எத்தனை புது ரிலே போட்டாலும் கருகும், சாக்கெட்டையே ஒயரோடு மாற்ற வேண்டும். முடிந்தால் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது.

என் காரில் பழைய ரிலே இருந்தபோது பேட்டரியில் 13.9 வோல்ட், இடது பல்பில் 12.2, வலது பல்பில் 11.7. ரிலேயை மாற்றியதும் இடதில் 13.2, வலதில் 12.7. இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் இன்னும் இடித்தது. வலது விளக்கின் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனால், பம்பருக்குப் பின்னால் அது பாடியில் முடுக்கியிருந்த ஸ்க்ரூ முழுக்கத் துருப்பிடித்துக் கிடந்தது. பட்டறை அண்ணன் அதைக் கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புது ஸ்க்ரூ முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். மீட்டரை அவரே பல்பில் வைத்துப் பார்த்தார். 13.2. "ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற வண்டியின் பானட்டைத் திறந்து, காதைக் கொடுப்பதற்குப் பதிலாக அதே மீட்டரோடு குனிந்தார்.