கூர் இல்லாத கத்தியும் லாக் இல்லாத மடிப்பும்

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் விரலை மடக்கிக் காட்டச் சொல்வேன். அடுத்து, எதில் வெட்டியது என்று கேட்பேன். கை அறுவை சிகிச்சை மருத்துவராக இத்தனை வருடங்களில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில்கள் இரண்டு. "கத்தி மொக்கையா இருந்துச்சு டாக்டர், அழுத்தினேன், வழுக்கிடுச்சு." "மடக்குக் கத்தி சார், குத்தித் திறக்கப் பார்த்தேன், விரல் மேலயே மடங்கிடுச்சு."

நல்ல கூரான கத்தியால் காயப்பட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் கூரான கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டியதில்லை. மழுங்கிய கத்தியைத்தான் தோள்பட்டை வரை பலம் கொடுத்து அழுத்துகிறோம். மாங்காய்த் தோலோ அட்டைப் பெட்டியோ சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது அந்த மொத்தப் பலமும் எதிரே பிடித்திருக்கும் இடது கையில் போய் இறங்குகிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன.

வெளியே தெரிவது ஒரு சென்டிமீட்டர் காயமாக இருக்கும். உள்ளே கதை வேறு. கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டு, குழாய் போன்ற ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. விரலின் இரு ஓரங்களிலும் ஒரு நரம்பு, ஒரு ரத்தக்குழாய். உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரையிலான பகுதியை அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னல் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே குறிப்பிட்டார். அங்கே தைத்த தசைநாண் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போவதால், அந்த இடத்தில் உடனே தைக்கவே அக்காலத்தில் தயங்கினார்கள். இன்று தைக்கிறோம், நன்றாகவும் வருகிறது. ஆனாலும் ஆறு வாரம் கையைத் தாங்கும் பட்டை (ஸ்பிளிண்ட்) கட்டி, தினமும் பயிற்சி செய்து, பளுவான வேலைக்குத் திரும்பப் பன்னிரண்டு வாரமாகும். வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கிடங்கில் பார்சல் பிரிக்கும் ஒரு பையன் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் கையில் இருந்தது லாக் தேய்ந்துபோன ஒரு கட்டர். முப்பது ரூபாய்கூட இருக்காது. அதை மாற்றித் தர யாரும் யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவேதான் கத்தியைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன். பாதுகாப்பான கத்தி என்றால் விலை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த அளவில், ஆன்லைனில் கறுப்புப் பூச்சும் பல் பல்லாக முதுகும் வைத்து, ராணுவக் கத்தி என்று விற்கிறார்களே, அவற்றில்தான் காசு வீணாகிறது. கையைக் காக்கும் கத்திகள் பார்க்கச் சாதாரணமாக, கடையின் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

முதலில் கட்டர். பிளேடை ஒவ்வொரு துண்டாக ஒடித்துப் புது முனை எடுக்கும் கட்டரை 1956ல் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டு மழுங்கியதும் அதை உடைத்துப் புது விளிம்பில் வெட்டுவதையும், கோடு போட்ட சாக்லேட் கட்டியைத் துண்டாக ஒடிப்பதையும் வைத்து அவருக்கு இந்த யோசனை வந்தது. அவருடைய கட்டருக்கு வைத்த ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் பிளேடு என்பதிலிருந்து வந்ததுதான். காகிதம், டேப் போன்ற வேலைக்கு 9 மில்லிமீட்டர் அகல பிளேடு. அட்டைப் பெட்டி, ரெக்சின், கார்ப்பெட்டுக்கு 18 மில்லிமீட்டர். நல்ல கட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மழுங்கினால் தீட்ட வேண்டாம், ஒடித்தால் போதும் என்பதால் மொக்கைக் கத்தி என்ற பிரச்சினையே இங்கே இல்லை. வாங்கும்போது பிளேடை நீட்டி, லாக் போட்டு, முனையை ஒரு மரக்கட்டையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே நழுவினால் அந்தக் கட்டர் வேண்டாம். வேலை செய்யும்போது ஒன்று அல்லது இரண்டு துண்டுக்கு மேல் நீட்டாதீர்கள். 9 மில்லிமீட்டர் பிளேடின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நீளமாக நீட்டிப் பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்து தெறிக்கும். தெறித்த துண்டைக் கண்ணிலிருந்து எடுத்த மருத்துவ நண்பர் எனக்கு உண்டு. ஒடிப்பதற்குக் குறடு வையுங்கள். ஒடித்த துண்டுகளைப் போட மூடியுள்ள ஒரு பழைய மாத்திரை டப்பா.

மடக்குக் கத்தியில் நான் மனமாரச் சொல்வது ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890ல் செய்த விவசாயிகளின் கத்தி. பீச் (beech) மரத்தில் ஒரு உருண்டைப் பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, அவ்வளவுதான். 1955ல் அதில் ஒரு இரும்பு வளையம் சேர்ந்தது. கத்தியை விரித்து வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. இத்தனை எளிமையான, கண்ணால் பார்த்தே உறுதிசெய்துகொள்ளக்கூடிய லாக் வேறு எதிலும் எனக்குத் தெரியாது. இந்த வளையம் 6ஆம் எண்ணிலிருந்துதான் வரும். சின்ன எண்களில் இல்லை. 8ஆம் எண், எட்டரை சென்டிமீட்டர் அலகு, பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு. கார்பன் சீக்கிரம் கூராகும், ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், துருப்பிடிக்கும். நம் ஊர்க் கடலோரக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். மரப்பிடி நனைந்தால் உப்பி, திறக்க முடியாமல் இறுகும். உலரவைத்தால் சரியாகிவிடும்.

எல்லோரும் ஆசைப்படும் சிவப்பு ஸ்விஸ் கத்தி நல்ல கத்திதான். ஆனால் 91 மில்லிமீட்டர் அளவுள்ளதில் லாக் கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். இழுத்து வெட்ட அது போதும். குத்தவோ துளைக்கவோ முதுகில் அழுத்தவோ கூடாது. அந்த ஸ்விஸ் கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனமே பிளாஸ்டிக் பிடி போட்டுச் செய்யும் சின்னக் காய்வெட்டும் கத்தியை யாரும் கொண்டாடுவதில்லை. சில நூறு ரூபாய்க்கு அதைவிட நல்ல கத்தி நான் பார்த்ததில்லை. மடங்காது, பிடி வழுக்காது, தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்க ரம்பப் பல் வைத்ததும் உண்டு. என் வீட்டு அடுக்களையில் இரண்டு இருக்கின்றன.

தோட்டம், பண்ணை, வயரிங் என்று வெளிவேலை பார்ப்பவர்களுக்கு மடக்குக் கத்தியே வேண்டாம். ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் 1891லிருந்து செய்துவரும் உறைக்கத்தி போதும். அதன் அலகு இரு பக்கமும் அகலமான ஒரே சரிவாக இருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படியவைத்துத் தேய்த்தால் கோணம் தப்பாது, பழக்கமில்லாதவரும் தீட்டலாம். அதில் விரல் முன்னால் வழுக்காமலிருக்கத் தடுப்புள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஈரக்கையோடு குத்தும்போது சொந்த விரலே அலகுமேல் ஏறுவது நான் தைக்கும் காயங்களில் அடிக்கடி வருவது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள், லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துத் தரும் கொல்லர் பட்டறை பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். அந்த இரும்பு கூர் தாங்கும் இரும்பு. பிடி மட்டும் மெலிசாக, வழவழப்பாக இருக்கும். கனமாக, முன்பக்கம் ஒரு மேடு வைத்துப் பிடி போட்டுத் தாருங்கள் அண்ணே என்று கேட்டால் செய்து தருவார். அவர் வாங்கும் கூலிக்கு அது மிகப் பெரிய வேலை.

எந்தக் கத்தியானாலும் ஒரு தீட்டுக்கல் சேர்த்தே வாங்குங்கள். செய்தித்தாளைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் இறங்க வேண்டும். சின்னக் கத்தியைப் பொறி பறக்கச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும்.

அப்படியும் வெட்டிவிட்டால், ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வைக்க வேண்டாம். அவற்றைக் கழுவி எடுப்பதற்கே எனக்கு அரைமணி நேரம் போகிறது. விரலில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரத்தம் நின்றதும் விரல் நுனிக் கணுவைத் தனியாக மடக்கிப் பாருங்கள். நுனியின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். மடங்கவில்லை, ஒரு பக்கம் மரத்திருக்கிறது என்றால் காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றே வாருங்கள். பத்து நாள் கழித்து வரும்போது அறுந்த நாண் சுருங்கி உள்ளங்கைக்குள் போயிருக்கும். விரல் துண்டாகியிருந்தால், ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

வெட்டிய கத்தியைப் பார்த்துவிட்டும் வாருங்கள். முனை ஒடிந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். தைப்பதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்தத் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.