குடி கடத்தும் தாயும் இழைமணி கடத்தும் தாயும்

கல்முனையில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனிதர் எல்லாருடைய தாய்வழியும் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். என் கூட்டாளி அவளை ஏவாள் என்கிறாள். நான் ஹவ்வா என்று நினைத்தேன். வீட்டில் கேட்டால், கூர்ப்பைப் பரீட்சைக்கு மட்டும் படி என்கிறார்கள். எது சரி?" ஹவ்வா, ஏவாள் இரண்டுமே வேதங்கள் சொல்லும் முதல் பெண்ணின் பெயர்கள்தான், முன்னது முஸ்லிம்கள் வழங்குவது, பின்னது கிறிஸ்தவர்கள் வழங்குவது.

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வளர்ந்தவர்களுக்கு இதற்கான விளக்கம் மற்ற ஊரவரைவிடச் சீக்கிரம் பிடிபடும். நாங்கள் குடி, அதாவது தாய்வழிக் குலம், பார்க்கிறவர்கள் அல்லவா?

அடிப்படை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, வேகமாகக் கடந்துவிடுவோம். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் ஒரு சின்ன வட்ட டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்துகள், 37 பரம்பரையலகுகள். கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. தாயிடமும் தகப்பனிடமுமிருந்து பாதிப் பாதியாக வரும். இழைமணி தாயிடமிருந்து மட்டுமே வரும். முட்டைக்குள் அவை இலட்சக்கணக்கில் இருக்கும். விந்து கொண்டுவருவது சில பத்துத்தான், அவையும் கருக்கட்டலுக்குப் பிறகு அடையாளமிடப்பட்டு அழிக்கப்படுகின்றன. கலப்பு நடக்காததால், எப்போதாவது ஓர் எழுத்து விகாரமடைவதைத் தவிர, தாயின் பிரதி மகளுக்கு அப்படியே போகிறது. இந்த மாற்றங்களை ஒப்பிட்டுத்தான் 1987இல் ரெபேக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், அலன் வில்சன் ஆகிய மூவரும் 147 பேருடைய தாய்வழி மரத்தை வரைந்தார்கள். மாதிரிகள் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றின்போது கிடைத்த சூல்வித்தகங்கள் (நஞ்சுக்கொடிகள்). மரத்தின் வேர் ஆபிரிக்காவுக்குப் போனது, காலம் சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். பத்திரிகைகள் அந்தப் பெண்ணுக்கு ஏவாள் என்று பெயர் வைத்தன. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏன் ஒரே ஒரு பெண்?

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி. கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் என்று இரு சமூகமும் குடி பார்த்தே பொறுப்புக் கொடுத்து வந்திருக்கின்றன. ஒரு தாயின் வயிற்றில் கிளைத்த வழியை வயிற்றுவார் என்கிறோம். ஆண்பிள்ளைக்கும் தாயின் குடிதான், ஆனால் அவனுடைய பிள்ளைகள் அவன் மனைவியின் குடிக்குப் போய்விடுவார்கள். இழைமணியின் விதியும் அச்சொட்டாக இதுவே.

100 பெண்கள் இருக்கும் ஊர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனி வயிற்றுவார். ஊர் பெருகவும் இல்லை, குறையவும் இல்லை, ஆகவே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு மகள். சராசரிதான் ஒன்று. ஒருத்திக்கு மூன்று மகள்மார் இருக்கும், இன்னொருத்திக்கு நாலும் ஆண்பிள்ளைகள், வேறொருத்திக்குப் பிள்ளையே இல்லை. மகள் இல்லாதவளின் வயிற்றுவார் அவளோடு முடிகிறது. பிறப்பு முழுக்க எழுமாறாக நடக்கிறது என்று கணக்குப் போட்டால், ஒரே தலைமுறையில் ஏறத்தாழ 37 வழிகள் அற்றுப்போகும். இரண்டாம் தலைமுறையில் அற்றவை 53 ஆகும், ஐந்தாம் தலைமுறையில் 73. ஊரில் ஆள்தொகை அப்படியே இருக்கிறது, வயிற்றுவார்கள் மட்டும் குறைந்துகொண்டே வருகின்றன. அற்ற வழி திரும்ப முளைக்காது. போதுமான காலம் விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

எந்த வழி மிஞ்சும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்று மிஞ்சும் என்பதை மட்டும் அடித்துச் சொல்லலாம். இது எனக்கு ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்க்க வைக்கிற கணக்கு. குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று கேட்டு 1874இல் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வில்லியம் வாட்சனும். வாட்சன் கணிதம் படித்த ஒரு பாதிரியார்.

சரி, மற்ற 99 பெண்களும் எங்களுக்கு ஒன்றுமில்லையா? அப்படியில்லை. நாலு ஆண்பிள்ளை பெற்றவளுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அவளுடைய குடி நின்றுபோனாலும் கருவிலுள்ள டி.என்.ஏ. அவர்கள் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த ஆபிரிக்கப் பெண் தனியாக வாழவில்லை, அவளுக்கும் தாய் இருந்தாள், பக்கத்துப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் பலரும் எங்கள் முன்னோர்தான். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வை நிறமூர்த்தத்தைப் பின்தொடர்ந்தாலும் இதே கணக்கால் ஓர் ஆணிடம் போய் நிற்போம். அவனும் அவளும் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை, சோடி என்பதற்கு ஆதாரமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பரம்பரையலகின் இரண்டு வடிவங்களைத்தான் ஒருவர் வைத்திருக்கலாம், இருவரென்றால் நாலு. நிர்ப்பீடனத்துக்கு (நோயெதிர்ப்புக்கு) உதவும் எச்.எல்.ஏ. பரம்பரையலகுகளுக்கோ அதைவிட எவ்வளவோ அதிகமான வடிவங்கள் உண்டு, அவற்றில் சில வம்சங்கள் மனிதனும் சிம்பன்சியும் பிரிவதற்கும் முந்தியவை. அவ்வளவையும் கடத்திக்கொண்டுவர ஒரு சோடி போதாது. எங்கள் மூதாதையர் ஆயிரக்கணக்கானோராகவே வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

ஆகவே மகள், வகுப்பில் சொன்ன அந்தப் பெண் ஹவ்வாவும் இல்லை, ஏவாளும் இல்லை. வேதத்தை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று மேடையில் இவளைக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆய்வாளர்கள் அவளுடைய காலக்கணக்கைப் பல தடவை திருத்திவிட்டார்கள், இனியும் திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நம்பிக்கையையும் திருத்துவதா? கடவுளே இல்லையென்று இதைக்கொண்டு முடிவுகட்டுகிறவர்களும் கணக்கில் இல்லாததை எழுதுகிறார்கள். கூர்ப்புக்கும் பரம்பரையியலுக்கும் பாலம் போட்ட தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர். கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே சொன்னார். எங்கள் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்துவிட்டுத் துறவு பூண்டவர்.

ஆதம் நபியின் படைப்பை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில் உங்கள் மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே பல கருத்து உண்டு. அதைத் தீர்க்க நான் ஆளில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கிறவன் நான், கூர்ப்பைத் தயக்கமில்லாமல் ஏற்றவனும்தான். அங்கே மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்கிறேன். பெயர் தெரியாதவர்களின் வரிசை ஆபிரிக்கா வரை நீளுகிறது என்று அறிந்தது என் கடனைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

கடைசியாக என் ஆசையொன்று. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, சுற்றிவர ஊரெல்லாம் தாய்வழிக் குடி. ஒரே குடிக்காரர் உண்மையிலேயே ஒரே இழைமணி வைத்திருக்கிறார்களா? தமிழ்க் குடிகளும் முஸ்லிம் குடிகளும் எத்தனை தலைமுறைக்கு முன் ஒரு பாட்டியிடம் சந்திக்கின்றன? கொஞ்சம் எச்சில் போதும், தொழில்நுட்பமும் முன்னைப்போல விலையில்லை. இதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும், மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்காமல் இங்கேயே ஆய்வுகூடம் அமைக்க வேண்டும். எங்கள் குடிதான் உயர்ந்தது என்று அத்தாட்சி தேடி வருகிறவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பதை, எச்சில் வாங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடவும் வேண்டும்.