35,937 வரிகளில் ஒரு கிரேடிங்

இருட்டும் வெளிச்சமும் தொலையாதபடி மடக்கிப் பதிவாகும் லாக் ஃபுட்டேஜ், கேமராவிலிருந்து நேரே வரும்போது சாம்பல் பூசியது போல வெளிறிக் கிடக்கும். படத்தின் நிறத்தைத் திருத்தும் டி.ஐ. அறையில் கலரிஸ்ட் அதற்குக் கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறார், நிழலில் கொஞ்சம் நீலம் சேர்க்கிறார், முகத்தின் நிறத்தைத் தேற்றுகிறார். ஒளிப்பதிவாளர் பார்த்துவிட்டுச் சரி என்கிறார். அதே ஷாட்டில் கிரீன் மேட்டை எடுத்துவிட்டு ஒரு நகரத்தை வைக்க வேண்டிய வி.எஃப்.எக்ஸ். கலைஞர் வேறோர் அலுவலகத்தில், வேறு மென்பொருளில் வேலை பார்க்கிறார். இந்தத் தோற்றத்தில் தன் நகரம் எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படி நிறம் திருத்திய, அதாவது கிரேடிங் செய்த படத்தையே அனுப்பிவிட்டால் என்ன? வேலைக்கு ஆகாது. கான்ட்ராஸ்ட் ஏற்றும்போது, வேறுவேறாக இருந்த பல இருட்டு அளவுகள் ஒரே கறுப்பாகிவிடும். அவற்றை மறுபடி பிரித்தெடுக்க வழியில்லை. தவிர, கலரிஸ்ட் அடுத்த மாதம் மனம் மாறலாம். அதனால் பிளேட், அதாவது கேமராவில் எடுத்த மூலப் படம், கைபடாமல் போகும், தோற்றம் தனி ஃபைலாகப் போகும். அந்த ஃபைலுக்குப் பெயர் லட் (லுக்-அப் டேபிள்): எந்த நிறம் வந்தால் எந்த நிறமாக மாற்றுவது என்று சொல்லும் அட்டவணை.

பெரிய ரகசியமெல்லாம் இல்லை. கலரிஸ்ட்டுகளின் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ஷாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஜெனரேட் லட்' போய், 33 பாயின்ட் கியூப் என்று கொடுங்கள். வரும் ஃபைலை நோட்பேடிலேயே திறக்கலாம். மேலே அளவு 33 என்று சொல்லும் ஒரு வரி, அப்புறம் வரிக்கு மூன்று எண்களாகச் சிவப்பு, பச்சை, நீலம். அப்படி 35,937 வரிகள். ஒரு நிறத்துக்கு 33 படிகள் வீதம் மூன்று நிறங்களுக்கும் பெருக்கினால் வரும் எண் அது.

10 பிட் படத்தில் 107 கோடிக்கு மேல் நிறங்கள் சாத்தியம். அத்தனைக்கும் வரி எழுத முடியாது. ஆகவே இடைவெளி விட்டு எழுதி, நடுவில் வருவதைக் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளியில் லாக் டேபிள் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல: அட்டவணையில் இல்லாத எண்ணுக்குப் பக்கத்து மதிப்பை எடுத்து வித்தியாசத்தைக் கூட்டுவோமே, அதுதான். இங்கே மூன்று பக்கமும் அக்கம்பக்கம் இருப்பதால், ஒரு நிறத்தைச் சுற்றிய கனசதுரத்தின் எட்டு மூலைகளையும் கலப்பது ஒரு முறை. கனசதுரத்தை நான்முகிகளாக வெட்டி நான்கு மூலைகளை மட்டும் எடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் சாம்பல் நிறங்களுக்கு மூலைவிட்டத்தில் உள்ள சாம்பல் புள்ளிகள் மட்டுமே பயன்படும், பக்கத்து நிறங்கள் வந்து ஒட்டாது. தேர்வு செய்ய முடிந்தால் அதையே எடுங்கள்.

இந்த 35,937 வரிகளும் எப்படி உருவாகின்றன என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மென்பொருள் அத்தனை நிறங்களையும் ஒவ்வொன்றாகக் கிரேடிங்குக்குள் அனுப்பி, வெளியே என்ன வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். அந்த நிறம் படத்தில் எந்த இடத்தில் இருந்தது, பக்கத்துப் பிக்சல் என்ன, எத்தனையாவது ஃபிரேம், எதுவும் கேட்பதில்லை. ஆகவே முகத்தைச் சுற்றிக் கலரிஸ்ட் போட்ட வட்ட விண்டோ, ஓரங்களை இருட்டாக்கும் விக்னெட், பிளர், கிரெய்ன், நாய்ஸ் ரிடக்‌ஷன் எதுவும் லட்டில் ஏறாது. ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிடித்து மாற்றும் குவாலிஃபையர் ஏறக்கூடும், ஏனென்றால் அது நிறத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் குறுகலாகப் பிடித்திருந்தால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பட்டை பட்டையாகத் தெரியும். இவற்றைச் செய்யும் நோடுகளையெல்லாம் (கிரேடிங்கின் தனித்தனிப் படிகளை) அணைத்துவிட்டு, அடிப்படைக் கிரேடிங்கை மட்டும் லட்டாக எடுப்பதே நல்லது.

அடுத்தது, லட்டுக்குள் எதைக் கொடுக்கிறோம் என்பது. உண்மையான சிக்கல் இங்கேதான். ஃபைலில் உள்ள எண்கள் 0 முதல் 1 வரை. உள்ளே வரும் 0.4 லாக்கா, லீனியரா (ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்ணா) என்று ஃபைலுக்குத் தெரியாது.

ஆரி அலெக்சா கேமராவின் லாக் வகையான லாக்-சி மூன்றை எடுத்துக்கொள்வோம், உணர்திறன் 800. 18 சதவீதச் சாம்பல் இதில் 0.391-இல் உட்காரும். 33 புள்ளி லட்டில் அது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 12-ஆம் புள்ளிக்கும் 13-ஆம் புள்ளிக்கும் நடுவில். ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறக்குறைய 0.074 கிடைப்பதால், ஸ்டாப்புக்கு இரண்டு புள்ளிக்கு மேல் தேறும். இதே ஷாட் வி.எஃப்.எக்ஸ். மென்பொருளான நியூக்கில் லீனியர் இ.எக்ஸ்.ஆர். ஃபைலாகத் திறக்கும்போது அதே சாம்பல் 0.18. மூன்று ஸ்டாப் கீழே போனால் 0.0225. லட்டின் முதல் இடைவெளியே 0.03125! அதற்குக் கீழுள்ள நிழல் முழுவதும் முதல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு நேர்கோடாகிவிடும். மேல் பக்கம் இன்னும் மோசம்: லாக்-சி மூன்றின் 1.0 என்பது லீனியரில் சுமார் 55. ஜன்னல் வெளிச்சம், தீப்பொறி எல்லாம் 1-ஐத் தாண்டியவை, அவற்றுக்கு அட்டவணையில் இடமே இல்லை. ஆக, லாக்கில் செய்த லட்டுக்கு முன்னால் லீனியரை அதே லாக்குக்கு மாற்றியே தீர வேண்டும். சில ஃபைல் வகைகள் இந்த மாற்றத்தையும் ஷேப்பர் என்ற பெயரில் ஃபைலின் தலையிலேயே வைத்துக்கொள்கின்றன. 65 புள்ளிக்குப் போனால் தீரும் என்று சிலர் நினைப்பதுண்டு. இடைவெளி பாதியாகும், தப்பான உள்ளீடு தப்பாகவே இருக்கும்.

வெளியே வருவது என்ன என்பதும் அதே அளவு முக்கியம். லட் ஏற்கனவே ரெக்.709 (எச்.டி. டி.வி.யின் நிறத் தரம்) திரைக்கான படத்தைத் தந்தால், வியூவரில் கணினித் திரைக்கான எஸ்.ஆர்.ஜி.பி. மாற்றத்தை அணைக்க வேண்டும். இல்லையென்றால் திரைக்கான மாற்றம் இரண்டு முறை ஏறிப் படம் வெளுத்துப்போகும். வரிகளின் வரிசையும் ஃபைலுக்கு ஃபைல் மாறும். கியூப் வகையில் வரிக்கு வரி முதலில் மாறுவது சிவப்பு, 3டி.எல். வகையில் நீலம். மாற்றிப் படித்தால் நாயகனின் முகம் நீலமாகிவிடும். (இந்தத் தவறு பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.) இத்தனையையும் ஆட்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் 2010-இல் நிற மாற்றங்களை நிர்வகிக்கும் ஓப்பன்கலர்ஐ.ஓ.வைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அது இல்லாத இடத்தில் ஃபைல் பெயரிலேயே 'லாக்-சி-3 முதல் ரெக்.709, 33' என்று எழுதிவைப்பது குறைந்தபட்ச நாகரிகம்.

ஷாட்டுக்கு ஷாட் மாறும் சின்னத் திருத்தங்களுக்கு லட்டே அதிகம். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தின் சி.டி.எல். போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஸ்லோப் (பெருக்கல்), ஆஃப்செட் (கூட்டல்), பவர் (அடுக்கு), மொத்தத்துக்கும் ஒரு சேச்சுரேஷன் என்று பத்தே எண்கள். படம் முழுவதற்கும் ஒரே லட், ஷாட்டுக்கு ஒரு சி.டி.எல். என்ற ஏற்பாடு பரவலாக இருப்பது இதனால்தான்.

அனுப்பும்போது கிரேடிங் செய்த ஒரு ஃபிரேமையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், அதே அடிப்படைக் கிரேடிங்கோடு. நியூக்கில் பிளேட்டின் மேல் லட்டைப் போட்டு, அந்த ஃபிரேமோடு கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். வித்தியாசத்தைப் பத்து மடங்கு ஏற்றிப் பாருங்கள். இருட்டில் மட்டும் மிச்சம் நின்றால் லாக் மாற்றத்தைச் சந்தேகியுங்கள். கறுப்பிலும் வெள்ளையிலும் சேர்ந்து நின்றால் 10 பிட் எண்களில் கறுப்பு முதல் வெள்ளை வரை 0–1023-ஆ (முழு வீச்சு), 64–940-ஆ (வீடியோ வீச்சு) என்ற குழப்பமாக இருக்கலாம்.

பொருந்திவிட்டதா? சரி, இனி நடு நடுவே லட்டை அணைத்து, எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். லட் கறுப்பில் அமுக்கிவைத்த இடத்தில் கணினியில் செய்த (சி.ஜி.) கட்டடத்தின் நிழல் பிளேட்டின் நிழலோடு ஒட்டாமல் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கடைசி டி.ஐ.யில் யாராவது 'நிழலைக் கொஞ்சம் தூக்குங்க' என்றால், ஷாட் திரும்பி வரும்.