பழைய எஸ்டேட் ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர் வாங்கும் முன்

காப்பிப் பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மார்கழியில், ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய மஹிந்திரா ஜீப் எங்கள் சேலம் பட்டறைக்கு வந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இடப்பக்கத்து ஷாக்கின் மேல்முனையில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் வளையம் பிதுங்கி, அந்த முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரரை உரிமையாளர் வைதுகொண்டிருந்தார். கழற்றிப் பார்த்தபோது சரக்கில் குறை தெரியவில்லை. மூட்டை ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கின் எஃகுப் பட்டைக் கட்டோடு இன்னும் இரண்டு பட்டைகளைக் கூட்டியிருந்தார்கள். அதனால் வண்டி உயர்ந்துவிட்டது. ஷாக்கின் நீளமோ பழைய அளவிலேயே இருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஷாக் கடைசிவரை நீண்டு, அச்சின் எடை அந்தப் பிராக்கெட்டில் தொங்கியிருக்கிறது.

பட்டறைக்கு வருபவர்களில் பலர், வண்டி அமுங்கிவிட்டது, கெட்டியான ஷாக்காகப் போடுங்கள் என்று கேட்கிறார்கள். எடையைத் தாங்குவது பட்டையின் வேலை. பட்டையின் துள்ளலை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி வெப்பமாக மாற்றி அடக்குவதே ஷாக்கின் வேலை. பட்டை படுத்துப்போன வண்டியில் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் உயரம் திரும்பாது. இடுப்பு வலிதான் மிஞ்சும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஷாக்கின் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் கண்களுக்கு இடையே மையத்திலிருந்து மையம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவிலிருந்து, அச்சுக்கும், அது மேலே வந்து முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தால் ஷாக் எந்த நீளத்துக்குச் சுருங்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். ஷாக் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு சற்று மாறும். பிறகு ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். புதிய ஷாக் கழித்து வந்த அளவைவிடக் குட்டையாகச் சுருங்கவும், தொங்கும் அளவைவிட அதிகமாக நீளவும் வேண்டும். இரு பக்கமும் ஓர் அங்குலமாவது மிச்சம் இருப்பது நல்லது.

வகையைப் பொறுத்தவரை, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் தார்ச்சாலை ஷாக்குக்குப் பெரிய சோதனை இல்லை. அதற்கு மேல் தோட்டத்துக்குள் கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் இடைவிடாமல் குலுங்குவதுதான் சோதனை. எண்ணெய் சூடேறி நுரைத்தால் பிடிமானம் போய்விடும்; ஆறிய பின் திரும்பிவிடுவதால் பட்டறையில் அந்தக் குறை பிடிபடாது. நைட்ரஜன் அடைத்த ஷாக்குகளில் நுரைப்பு குறைவு. அவற்றிலும் ஒற்றைக் குழாய் வகை விரைவில் சூடு தணியும், ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் வேலை நடக்கும் என்பதால், எஸ்டேட் வண்டிகளுக்கு வாயு அடைத்த இரட்டைக் குழாயையே நான் பரிந்துரைக்கிறேன்.

எதுவாயினும் ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். இரட்டைக் குழாய் ஷாக்கைப் பொருத்தும் முன் நிமிர்த்திப் பிடித்து, சில முறை முழுக்க இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பர் புஷ்ஷின் நட்டை, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

அந்த ஜீப்பில் கூட்டிய பட்டைகளில் ஒன்றைக் கழற்றி, விரிசலைப் பற்றவைத்து, அளந்து வாங்கிய நீளமான ஷாக்கைப் பொருத்தி அனுப்பினோம்.