டர்போசார்ஜர்: தமிழில் சுழலேற்றி

லாரிப் பட்டறைகளில் இதை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வெறும் ‘டர்போ’தான். ‘டர்போ போயிடுச்சு’ என்றால் பெரிய செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடும் வேகமும் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, சிலிண்டருக்குள் தள்ளும். கருவி அவ்வளவுதான்.

‘டர்போ’ லத்தீன் சொல். பம்பரத்துக்கும் சூறைக்காற்றுக்கும் அங்கே அதே பெயர். 1822-இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பர்டின் அதிலிருந்து ‘டர்பைன்’ என்ற சொல்லை உருவாக்கினார்.

வம்பு ‘சார்ஜரில்’ இருக்கிறது. போன் சார்ஜர் நினைவில் இதை ‘மின்னேற்றி’ என்று மொழிபெயர்த்தால் தவறு. இங்கே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ‘சார்ஜ்’ என்பதன் வேர், வண்டியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் அதன் முதல் பொருள். பீரங்கியில் வெடிமருந்து கெட்டிப்பதற்கும் பிறகு அதுவே ஆனது. எஞ்சினைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நிரப்பும் காற்றுதான் அந்த ‘லோடு’. லாரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பெல்ட்டோ பல்சக்கரமோ கொண்டு எஞ்சினே காற்றை அமுக்கினால் அது சூப்பர்சார்ஜர். எஞ்சினின் சொந்த பலத்தில் கொஞ்சம் அதற்கே போய்விடும். டர்போ வீணாகும் புகையில் ஓடுகிறது. முதலில் இதற்கு ‘டர்போ சூப்பர்சார்ஜர்’ என்றுதான் பெயர். காலப்போக்கில் ‘சூப்பர்’ உதிர்ந்துவிட்டது.

இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி. டீசல் தரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறதே என்பதுதான் அவருடைய கவலை. 1920-களில் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது, 1750 குதிரைத்திறன் எஞ்சின் 2500 தந்தது. லாரிக்கு நல்ல உதாரணம் 1954-இல் வந்த வோல்வோ டைட்டன் டர்போ. அதே 9.6 லிட்டர் எஞ்சின், 150 குதிரைத்திறனிலிருந்து 185-க்கு ஏறியது.

சரி, மைலேஜ்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டர்போ தருவது காற்று மட்டும். பழைய எஞ்சினில் டர்போவை மாட்டிவிட்டு எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பைத் தொடாமல் விட்டால், கரும்புகை குறையும், டீசல் முழுதாக எரியும், மைலேஜ் கொஞ்சம் கூடலாம்; இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது. இழுவை வேண்டுமென்றால் பம்பில் டீசல் அளவைக் கூட்ட வேண்டும். அப்புறம் மைலேஜ் டிரைவரின் கால் அழுத்தத்தில் இருக்கிறது. கம்பெனியிலேயே டர்போவோடு வரும் வண்டிகளின் சிக்கனத்துக்குக் காரணம் வேறு: பெரிய எஞ்சின் செய்யும் வேலையைச் சின்ன எஞ்சின் செய்வதால் உராய்வில் போகும் இழப்பு குறைகிறது.

அமுக்கிய காற்று சூடாகும். சூடானால் விரிந்து, உள்ளே போகும் அளவு குறையும். அதைக் குளிர்விக்கத்தான் நடுவே இன்டர்கூலர். அதைத் தமிழில் ‘இடைக்குளிர்ப்பி’ எனலாம்.

டர்பைனுக்கு நம்மிடம் ‘விசையாழி’, ‘சுழலி’ என்று இரண்டு சொற்கள் உண்டு. டர்போசார்ஜருக்கு நான் தேர்வது ‘சுழலேற்றி’. பம்பரமும் பாரமும் இரண்டுமே அதில் இருக்கின்றன. ‘விசையாழியேற்றி’ பொருளில் சரி, ஆனால் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது. சூப்பர்சார்ஜரை ‘மிகையேற்றி’ என்றால் ஜோடியும் அமைந்துவிடும்.

டர்போ இல்லாத எஞ்சினில் சுழலேற்றி பொருத்த நினைப்பவர் பிஸ்டன், ஹெட் கேஸ்கட், ஆயில் லைன் மூன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும். அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். மலை ஏறி வந்த கையோடு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், ஓடவிட்டு அணைக்கச் சொல்வது அதனால்தான்.